உள்ளே படித்துக்கொண்டிருந்தவள்

1

தங்கவயலை விட்டு வெளியே போய்ப் பிழைக்கிறவர்கள் எழுதும் பக்கத்துக்கு நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். துபாயிலிருந்தும் கனடாவிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு நடுவில், பெங்களூரு பொம்மனஹள்ளியிலிருந்து எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. காலை ரயிலில் ஏறினால் பசி எடுப்பதற்குள் வந்துவிடுகிற ஊர். ஆனாலும் சுரங்கத்தை மூடிய பிறகு வந்தவள், இன்றுவரை திரும்பிப் போகவில்லை. அந்தக் கணக்கில் நானும் வெளியே போனவள்தான். படிப்பு லைன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் போடுங்கள்.

எனக்கு எழுத இருப்பது ஒன்றே ஒன்று. போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. என் மகள் அமுதாவைப் பற்றியது என்பதால் அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும்தான். "எழுதிக்கோம்மா. நீ இன்னா எழுதுனன்னு எனக்குத் தெரியவா போவுது" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னது ஒரு பக்கம் வசதி. இன்னொரு பக்கம், நான் எழுதுவதைப் பெற்ற பெண் படிக்க முடியாது என்பது நெஞ்சில் எங்கோ நிற்கிறது.

2

சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் தட்டிதான் சுவர். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்ன வகுப்பு என்று சுவரே சொல்லும். பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாய்க்குள் படித்தால் அது படிப்பில்லை. நம்மைப் பெற்றவர்களுக்கு எழுத்துத் தெரியாது, காது ஒன்றுதான் தெரியும். அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால், "இன்னா, தூங்கிட்டியா?" என்று கரண்டியோடு வந்துவிடுவார்கள்.

படிப்புக்கு மட்டும் இல்லை அது. பூமிக்கு அடியில் பாறை வெடித்து வீட்டுப் பாத்திரமெல்லாம் ஒரு தடவை குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். உடனே பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் நிற்போம். கீழேயிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்றுதான். சத்தம் வந்தால் ஆள் இருக்கிறது. வராவிட்டால் அதற்கு மேல் யாரும் நினைக்கமாட்டோம். அப்படி வளர்ந்த காது என்னுடையது. பெங்களூருக்கு வரும்போது வேறெதையும் விட்டுவிட்டு வந்திருப்பேன், இந்தக் காதை விடவில்லை.

3

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டைமாடியில் போட்ட ஷீட் வீடு. முன்பக்கம் அடுப்படி. உள்ளே ஒரு அறை. அந்த அறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. திறந்தால் மொட்டைமாடியின் மறுபக்கம், தண்ணீர்த் தொட்டி இருக்கிற இடம்.

என் மகன் கௌதமன் ஊரின் மறுகோடியில், பீன்யாவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். அங்கேயே ஒரு ரூமில் தங்கிக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவான். அமுதா கார்மெண்ட்ஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அரசாங்க வேலைக்கான பரீட்சை எழுத வேண்டும் என்று வேலையை விட்டாள். முதல் தடவை கொஞ்சத்தில் போய்விட்டது. கௌதமன்தான், "இன்னொரு தபா எழுது பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து ஓட்டி செய்ய ஆரம்பித்தான். ஓட்டி என்றால் ஓவர்டைம்.

அந்தப் பரீட்சைக்கு மனு போடுவதற்கே எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினோம். சாதிச் சான்றிதழுக்குப் போனால், "அப்பா எந்த ஊர்?" என்பார்கள். தங்கவயல் என்றால், "அதுக்கு முன்னாடி?" என்பார்கள். அவள் தாத்தா பிறந்ததும் இந்த ராஜ்ஜியத்தில்தான் என்று கன்னடத்தில் சொல்ல எனக்கு வாய் வராது. அமுதாதான் பேசுவாள். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

காலையில் ஒரு அபார்ட்மெண்டில் சமைத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்புவேன். சாப்பிட்டதும் அவள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சத்தம் ஆரம்பிக்கும். இங்கிலீஷ். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, மழை பெய்கிறது என்று தெரிய மழையின் பாஷை தெரிய வேண்டுமா. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு கேட்பேன்.

கீழே இருக்கிற ஓனரம்மா கன்னடக்காரர். மாடிக்கு வந்தால் அவரும் சற்று நின்று கேட்பார். "நிம்ம மகளு சென்னாகி ஓதுத்தாளே. எங்க வீட்ல ஒண்ணு இருக்குது, புக்கு மேல தட்டு வெச்சு சாப்பிடுது." நல்லாப் படிக்கிறாள் என்று பிறர் வாயால் கேட்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே நிறைந்துவிடும்.

டீ பிரேக்கில் கௌதமன் போன் செய்வான். "படிக்கிறாளா?"

"படிச்சினுதான் இருக்கா கண்ணு. இந்தா கேளு." போனைக் கதவுப் பக்கம் நீட்டுவேன். அவன் அங்கே மெஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்பான்.

"கேக்குதும்மா. சரி, இருக்கட்டும்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டான். அவனுக்கு அது போதும்.

4

எப்போது வேறு மாதிரி ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் உள் அறையிலிருந்து குக்கர் விசில் கேட்டது. எங்கள் குக்கர் என் முன்னால் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்து வீடாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு நாள் சாயங்கால பாங்கு. எங்கள் தெரு முனையில் மசூதி இருக்கிறது. அன்று பாங்கு மெல்லியதாக, குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி, உள் அறையிலிருந்து வந்தது. நான் முகம் கழுவி, பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்குகிற சமயத்தில் மறுபடியும் பாங்கு. இந்தத் தடவை வெளியிலிருந்து, ஊர் முழுக்க.

படியில் ஓனரம்மாவைப் பார்த்தபோது, "இன்னைக்கு பாங்கு ரெண்டு தபா ஆச்சா அம்மா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒந்தே சாரி. ஒரே தடவதான். வயசாச்சு உங்களுக்கு, மத்தியானம் கொஞ்சம் படுங்க."

கௌதமனும் ஒரு நாள் போனில், "நேத்தும் இதையேதானே படிச்சா?" என்றான்.

"திரும்பத் திரும்பப் படிச்சாத்தான மனசுல நிக்கும்."

"அதில்லம்மா. அதே எடத்துல இருமுறா."

நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் சிரிப்பாகவும் இல்லை. எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து பௌத்தம். பேய் பிசாசு என்றால் என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் கேலி செய்வார். நம்பிக்கை இல்லை என்பதற்காகப் பயம் வராமல் இருந்துவிடுமா? கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்கும்போது, முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். மகள் குரல்தான். ஆனால் களைப்பே இல்லாத குரல். சாப்பாட்டுக்கு உட்காரும்போது பார்க்கிற பெண்ணோ, சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிடுவாள். இவள் ஒருத்தி, படிக்கிறவள் ஒருத்தி என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

5

அன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. காய்கிற துணியை எடுக்க வீட்டைச் சுற்றிக்கொண்டு மொட்டைமாடியின் மறுபக்கம் போனேன். அறை ஜன்னலுக்குள்ளிருந்து அமுதா படிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அமுதா உட்கார்ந்திருந்தாள்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி. தூறல் தலையில் விழுந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. என்னை அவள் பார்க்கவில்லை. ஜன்னலுக்குள் அவள் குரல் ஒரு பக்கத்தை முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனது. தாள் புரள்கிற சத்தம்கூடக் கேட்டது.

அப்போது அறைக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. "அமுதா, டீ ஆறுது பாரு."

அது என் குரல்.

நான் துணியோடு வெளியே நிற்கிறேன், வாயைத் திறக்கவில்லை. என் குரல் உள்ளே இருந்து என் மகளைக் கூப்பிடுகிறது. "வரேம்மா, இந்த ஒரு பக்கம்" என்று உள்ளே இருந்த அமுதா பதில் சொன்னாள். தொட்டிக்குப் பின்னால் இருந்த அமுதாவின் உதடும் அதே நேரம் அசைந்தது. சத்தமே இல்லை. வரேம்மா, இந்த ஒரு பக்கம்.

செத்துப்போனவர்கள் இப்படித்தான் தங்கள் வீட்டைக் கேட்பார்களோ என்று நினைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் வெளியே, மழையில். உள்ளே ஒரு அம்மாவும் மகளும் நல்லபடியாக இருக்கிறார்கள்.

கால் தானாகத் திரும்பி நடந்தது. அடுப்படியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. போன். குரலைப் போனில் பிடித்து வைத்து ஓட விட்டிருக்கிறாள். எங்கள் தெருவில் காய்கறி வண்டிக்காரர் இப்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்துவதில்லை. "தக்காளி, வெங்காயம்" என்று மெஷின் கத்தும், அவர் சீட்டில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார். அதே வேலைதான் இது. தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. வேறு பயம் வந்தது.

டீ போட்டேன். எப்போதும் போலக் கூப்பிட வேண்டுமே என்று கூப்பிட்டேன். "அமுதா, டீ."

"வரேம்மா."

எந்த அமுதா சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

6

உடனே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை. அதோடு, கேட்டால் அவள் எங்கே போவாள்? தொட்டிக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன இடமும் அவளுக்குப் போய்விடும்.

மறுநாள் கௌதமன் போன் வந்தது. நான் பேசாமல் போனைக் கதவுப் பக்கம் நீட்டினேன். "கேக்குதும்மா" என்றான் என் பிள்ளை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொல்கிற குரல்.

அப்புறம் நான் தினமும் ஓசைப்படாமல் சுற்றிப்போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். தொட்டிக்குப் பின்னால் இருப்பாள், பார்த்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் போனால் அங்கே இல்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அதன்மேல் தெருப் பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அந்தப் பெண் உற்சாகமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இவள் விழுந்தால்கூட அவள் நிறுத்தப்போவதில்லை. நானும் அடுப்படியில் உட்கார்ந்து, மகள் படிக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

கூப்பிட்டால் திடுக்கிடுவாள் என்று செருப்பைத் தரையில் தேய்த்து நடந்தேன். திரும்பிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் எறங்கி உக்காரு. அந்தச் சுவரு பாசி புடிச்சிருக்குது."

இறங்கினாள். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே படிப்பு நடந்துகொண்டிருந்தது.

"எப்பத்துலேந்து?"

"தெரியலம்மா. மொதல்ல நெஜமாத்தான் படிச்சேன். பஸ்ல போறப்ப கேக்கலாம்னு ஒரு நாள் ரிக்கார்டு பண்ணேன். அப்புறம் முடியல."

"இன்னா முடியல?"

"புக்கத் தொறந்தா அண்ணன் மூஞ்சி வருது. ஓட்டி பண்ணினு இருக்குது, நான் இங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்துனு இருக்கேன்னு வருது. மூடிடறேன். மூடுனா அதைவிட மோசமா இருக்குது. தொறக்கவும் முடியல, மூடவும் முடியல. சும்மா உக்காந்தா நீ வந்து பாப்ப. சத்தம் நின்னா வருவியே நீ."

உண்மைதானே.

"அதான் அதைப் போட்டுட்டு வந்துடறேன். வெளிய உக்காந்து கேக்கறப்ப நல்லா இருக்கும்மா. உள்ள ஒருத்தி படிக்கறா. பொறுப்பானவ. பரீட்சைய அவ எழுதிடுவா. நான் எதுக்குன்னு இருக்கும்."

கடைசி வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். காய் வாங்கி வந்துவிட்டேன் என்கிற மாதிரி. எனக்கு ஏர் பிளாஸ்ட் கேட்ட மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது.

"அவ எனக்கு வாணாம்" என்றேன். "நீ வா."

7

உள்ளே போனோம். கட்டிலின் மேல் தலையணைக்குப் பக்கத்தில் போன் படித்துக்கொண்டிருந்தது. அதன் எதிரில் நின்றபோது எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருந்தது, வேறு யாருடைய அறையிலோ நுழைந்துவிட்ட மாதிரி.

"அழிச்சுடட்டாம்மா?"

"முழுசாக் கேட்டுட்டு அழி."

"கடைசி வரைக்கும் நானே கேட்டதில்ல. அதுக்குள்ள உள்ள வந்துடுவேன்."

இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டோம். குக்கர் விசில் வந்தது. இருமல் வந்தது. நான் டீக்குக் கூப்பிட்டேன். பாங்கு வந்தது. அதற்கப்புறம் குரல் மெதுவானது. இங்கிலீஷ் தெரியாத எனக்கே தெரிந்தது, ஒரே வரியை மறுபடி மறுபடி படிக்கிறாள். பாதி வரி. அப்புறம் ஒரு சொல். அப்புறம் ஒன்றுமில்லை.

புத்தகம் மூடுகிற சத்தம் இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம், அதற்குள் ஒரு மூச்சு. உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறவளின் மூச்சு. அது நீண்டுகொண்டே போனது. அமுதா அதை வேறு யாரையோ கேட்பது போலக் கேட்டாள்.

அந்த மூச்சின்மேல், தூரத்திலிருந்து, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் வந்தது. சத்தம் நின்றதையே கவனிக்காத, சந்தோஷமான குரல். "படிச்சினுதான் இருக்கா கண்ணு. இந்தா கேளு."

அமுதா அழித்துவிட்டாள். அறை சட்டென்று சின்னதாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. கௌதமன். நான் அடுப்படிக்குப் போகவில்லை, அங்கேயே எடுத்தேன்.

"படிக்கிறாளாம்மா?"

"இல்லப்பா."

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. படிக்கல. ரொம்ப நாளா படிக்கல. படிக்க முடியலயாம். இங்க என் பக்கத்துல உக்காந்துனு இருக்கா."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும். அமுதா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றான். போடத் தெரியாமல் அவளிடமே கொடுத்தேன்.

"பாப்பா, இருக்கியா?"

"ம்."

"நான் ஓட்டி பண்றது உன்னால இல்லடி. ரூமுக்குப் போனா நாலு பேரு கொறட்டை வுடறானுங்க. உன் பேரச் சொல்லித் தப்பிச்சினு இருக்கேன்."

"பொய் சொல்லாதண்ணா."

"சரி, பாதிப் பொய். போன மாசம் மெஷின ஆன் பண்ணி வுட்டுட்டு கக்கூஸ்ல போய் உக்காந்துனு இருந்தேன். சும்மா. சூப்பர்வைசருக்குச் சத்தம் கேட்டா போதும். நீ படிக்கறது கேக்கும்போது, பரவால்ல, ஒருத்தியாவது நெஜமா பண்றாளேன்னு இருக்கும். நீயும் என் கேசுதானா?"

அமுதா சிரிக்கவில்லை. ஆனால் அழுதாள். பல வாரங்களில் அவள் முகத்தில் நான் பார்த்த முதல் அசைவு அது. "ஞாயித்துக்கெழம வரேன். பிரியாணி வாங்கினு வரேன். படிப்பப் பத்திப் பேசுனா ஒத குடு" என்று சொல்லி அவன் போனை வைத்தான்.

8

சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போய் வருகிறாள். முதல் தடவை நானும் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவரைக்காய் காலம். அவரைப் பருப்பை ஊறவைத்துத் தோல் போகப் பிதுக்க உட்கார்ந்தால் அவளும் புத்தகத்தோடு வருகிறாள். கொஞ்சம் படிக்கிறாள். ஓடவில்லை என்றால் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுப் பருப்பைப் பிதுக்குகிறாள். விரலுக்கு வேலை இருந்தால், படிக்கவில்லையே என்கிற அந்த அரிப்பு கொஞ்சம் அடங்குகிறதாம். மறுபடி புத்தகத்தைத் திருப்புகிறாள். சில நாள் பருப்பு மட்டும் முடிகிறது. சில நாள் பக்கமும் முடிகிறது. பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுதுவாளா என்று நான் கேட்பதில்லை.

தனியாகப் படிக்க வேண்டும் என்றால் உள்ளே போகிறாள். கதவைச் சாத்துவதில்லை. வாய்க்குள்தான் படிக்கிறாள். அப்படித்தான் மனசில் ஏறுகிறது என்கிறாள். அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு சத்தமும் வருவதில்லை. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம். வாசலில் பேசாமல் நிற்கிற அந்தப் பெண்கள் எல்லோரும் என் காதுக்குள் வந்து நிற்கிறார்கள். ஓனரம்மா வேறு, "மகளு ஓதறத நிறுத்திட்டாளா?" என்று கேட்கிறார். தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே தெரியாது.

நேற்று டீ பிரேக்கில் கௌதமன் போன் செய்தான்.

"இன்னாம்மா, வீட்ல சத்தமே இல்ல. பாப்பா எங்க?"

உள்ளேதான் இருக்கிறாள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "இரு கண்ணு" என்றேன். போனைக் கீழே வைத்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அறைவரை நடந்து போய்ப் பார்த்தேன். புத்தகம் நெஞ்சின்மேல் கவிழ்ந்திருக்க, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்து, "இன்னாம்மா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

திரும்பி வந்து போனை எடுத்தேன். "இருக்காப்பா."